புதுக்கிய ஆட்டமும் கொடுத்த வாக்கும்

பழைய படைப்பொன்றைப் புதுக்கித் தருபவன், அதன் தொடர்ச்சியையும் தருவதாக முன்னரே வாக்களித்தவனாயின், புதுக்கித் தந்ததனால் அவ்வாக்கு ஒரு சிறிதேனும் தீர்ந்ததாகுமா? இவ்வினாவை எழுப்பிய பொருள் ஒரு வீடியோ விளையாட்டு என்று கேட்டவுடன் சிலர் முகஞ் சுளிக்கலாம். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் மலரொன்றிலே அதற்கென்ன இடம் என்றும் வினவலாம். ஆயின், ஏடு பதிப்பித்தலையும் கோயிற் திருப்பணியையும் ஒப்பந்தச் சட்டத்தையும் அறிந்த ஒரு சமூகத்துக்கு இவ்வினா புதிதன்று. கொழும்பிலே, கொச்சிக்கடைக் கோயிலிலும் செட்டியார் தெருவின் அடைவு கடைகளிலும் புதுக்கடை நீதிமன்ற வளவிலும் இதன் வெவ்வேறு கூறுகள் நாள்தோறும் வழங்கிக்கொண்டே இருக்கின்றன. பொருள் சிறிதாயினும் அதனுள் அடங்கிய வழக்குப் பெரிது.

முதலில் வழக்கின் வரலாறு. ‘பியோண்ட் குட் அன்ட் ஈவில்’ என்னும் அவ்விளையாட்டு 2003 ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. ‘நன்மை தீமைக்கு அப்பால்’ என்று பொருள்படும் அப்பெயர், நீட்சே 1886 இல் வெளியிட்ட நூலின் பெயரே. பிரான்சைச் சேர்ந்த யூபிசொஃப்ட் கம்பனியின் மொன்பெலியே நகரக் கலைக்கூடத்தில் மிசேல் அன்செல் என்பார் அதனை நெறிப்படுத்தினார். 1995 இல் வெளிவந்த ‘ரேமன்’ என்னும் விளையாட்டினால் ஏலவே பெயர் பெற்றிருந்தவர் அவர். புதிய விளையாட்டின் தலைவி ஜேட் என்னும் இளம்பெண். ஹிலிஸ் என்ற கோளிலே, தந்தையை ஒத்த வளர்ப்பாளனாகிய பேஜ் என்பவனுடன் அநாதைச் சிறுவர்களைப் பேணி வாழ்பவள். அவளிடம் ஒரு கோல் உண்டு, அடிக்கவும் தெரியும். ஆயினும் அவளுடைய உண்மையான படைக்கலம் ஒரு நிழற்படக் கருவி. கோளைக் காப்பதாகக் கூறும் படையினரே மக்களைக் கடத்தும் பகைவருக்கு உடந்தையாய் இருப்பதைப் படமெடுத்து உலகுக்குக் காட்டுவதே அவள் பணி. சுட்டு வீழ்த்துவதையே வீரமெனக் காட்டிய விளையாட்டுகள் மலிந்திருந்த காலத்தில், சான்று திரட்டுவதை வீரமாகக் காட்டியமை இதன் தனித்தன்மை. திறனாய்வாளர் போற்றினர், சந்தையோ கைவிட்டது. காலஞ் செல்லச் செல்ல, விளையாடியவர்களின் நினைவிலேதான் அது செவ்வியல் நிலையை எய்தியது.

அக்கதையின் முடிவு ஈண்டு முக்கியமானது. போர் முடிந்து, பங்களித்தோரின் பெயர்ப் பட்டியலும் ஓடி முடிந்த பின்னர், பேஜின் கையிலே பகைவருக்குரிய தீமையின் அடையாளமாகிய கொப்புளம் ஒன்று முளைப்பது காட்டப்படுகிறது. அத்துடன் திரை இருள்கிறது. ‘தொடரும்’ என்ற சொல்லைக் கதையே ஒருவகையிற் சொல்லிவிட்டது. 2008 ஆம் ஆண்டு மே மாதத்தில் பாரிசு நகரில் நடந்த விழாவொன்றில் கம்பனி அதனை வெளிப்படையாகவே சொன்னது. தொடர்ச்சியின் முன்னோட்டக் காட்சியொன்று திரையிடப்பட்டது. 2011 இல் பழைய விளையாட்டு ஒருமுறை துலக்கி வெளியிடப்பட்டது. தொடர்ச்சி வரவில்லை. 2017 இல் மீண்டும் ஓர் அறிவிப்பு வந்தது; இம்முறை அது பின்கதையன்று, முன்கதை எனப்பட்டது. 2020 இல் அன்செல் விளையாட்டுத் துறையை விட்டே விலகினார். 1997 இல் அறிவிக்கப்பட்டு 2011 இல் வெளிவந்த ‘டியூக் நியூகெம் ஃபொரெவர்’ என்பதே நெடுங்காலக் காத்திருப்புக்கு எடுத்துக்காட்டாக நகையாடப்பட்டு வந்தது. 2022 இல் அவ்வெல்லையும் கடக்கப்பட்டது. 2024 ஆம் ஆண்டு யூன் 25 ஆம் திகதி, இருபதாம் ஆண்டு நிறைவுப் பதிப்பு என்ற பெயருடன் பழைய விளையாட்டு இரண்டாம் முறையாகப் புதுக்கப்பட்டு வெளிவந்தது. அப்போதும் தொடர்ச்சி வெளிவந்திருக்கவில்லை.

புதுக்குதல் என்பது யாது? பழைய நிரலை இன்றைய கருவியில் இயங்கச் செய்தல், மங்கிய உருவங்களைக் கூர்மையாக்குதல், ஒரு வினாடியில் 60 படச் சட்டங்கள் ஓடுமாறு அசைவைச் சீராக்குதல், இசையை மீள வாசித்துப் பதிவு செய்தல் முதலியன இதன்பாற்படும். இதன் தேவையை எவரும் மறுப்பதற்கில்லை. அமெரிக்காவில் 2010 க்கு முன் வெளியான வீடியோ விளையாட்டுகளுள் 87 விழுக்காடு கடையிலே வாங்கக் கிடைப்பதில்லை என்று அந்நாட்டின் வீடியோ விளையாட்டு வரலாற்று மன்றம் 2023 இல் வெளியிட்ட ஆய்வு கூறிற்று. கறையான் ஏட்டை அரிப்பதற்கு நூற்றாண்டுகள் ஆயின. கணினி உலகில் அவ்வளவு காலம் வேண்டியதில்லை. கருவி மாறினாற் போதும், பழைய வட்டு வெறுந் தட்டாகிவிடும்.

ஆயின் புதுக்கப்பட்டது பழையதுதானா? இவ்வினாவுக்குக் கிரேக்க மரபு தந்த எடுத்துக்காட்டைத் தத்துவ மாணவர் அறிவர். தீசியசின் கப்பலில் உக்கிய பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி வந்த அதென்சு மக்களைப் பற்றிப் புளூட்டாக் எழுதினார். கழற்றிய பழம் பலகைகளை ஒருவன் சேர்த்து வேறொரு கப்பல் கட்டினால் எது தீசியசின் கப்பல் என்று ஹொப்ஸ் அவ்வினாவைக் கூர்மைப்படுத்தினார். கப்பலைக் காட்டிலும் கோயிலே இங்குள்ளோர்க்கு அணித்தான எடுத்துக்காட்டு. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கட்டுவித்தவர் பொன்னம்பல முதலியார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சொலிசிற்றர் ஜெனரலாகப் பணியாற்றி ஓய்ந்த அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன், அதனைக் கருங்கற் கோயிலாக மீளக் கட்டுவித்தார். தந்தை எழுப்பிய சுவர்களுக்கு மாற்றாக மைந்தர் எழுப்பிய கற்றூண்கள் நின்றன. ஆயினும் வழிபட வந்தவர் எவரும் இது வேறு கோயில் என்று சொன்னதில்லை. திருப்பணிக் காலத்தில் இறைவனைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்து, பணி முடிந்ததும் குடமுழுக்காட்டி மீள எழுந்தருளச் செய்யும் சைவ மரபு, கட்டடத்தின் ஒருமையைக் கல்லில் வைக்காது வழிபாட்டின் தொடர்பில் வைத்தது. பலகையை எண்ணிக்கொண்டிருந்த கிரேக்கரிலும் இவ்விடயத்தில் ஆகமத்தார் தெளிவுடையோர் எனலாம்.

எனினும் கோயில் நியாயம் விளையாட்டுக்கு முற்றும் பொருந்துவதன்று. கோயிற் சுவரில் எழுதப்பட்ட பழைய ஓவியத்தின் மேல் வெள்ளையடித்துப் புதிய வண்ணம் பூசுவதும் திருப்பணி என்ற பெயராலேயே நடந்திருக்கிறது. வழிபாடு அறுபடவில்லை, ஓவியம் அழிந்தது. ஆகவே, படைப்பாக மதிக்கத்தக்க ஒன்றைப் புதுக்கும்போது வேறோர் அளவுகோலும் வேண்டப்படுகிறது. அதனைத் தமிழுலகம் பதிப்பாசிரியரிடம் கற்றது.

சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏடுகளைத் தேடி எடுத்த காலத்தில் அவர்கள்முன் இருந்த சோதனை எளிதானதன்று. தொட்டாலே நொறுங்கும் ஏடு. பொருள் விளங்காத சொல். நடுவிலே அறுந்த அடி. இருவரும் புலவர்கள். அறுந்த இடத்தை எவரும் ஐயுறா வகையில் தாமே இயற்றி நிரப்பும் ஆற்றல் அவர்களுக்கு இருந்தது. ஐயர் 1894 இல் புறநானூற்றை வெளியிட்டார். அந்நூலில் 267, 268 ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. எண்ணை மாற்றி இடைவெளியை மறைத்திருந்தால் நூல் முழுமையானதாகத் தோன்றியிருக்கும். மறைக்கப்படவில்லை. சிதைந்த பாட்டுகளிற் சொற்கள் இருந்த இடத்தில் புள்ளிகள் நின்றன. 1904 இல் வெளிவந்த பதிற்றுப்பத்தும் முதற் பத்தும் பத்தாம் பத்தும் இன்றியே வந்தது. இந்த நேர்மையே பதிப்பியலின் அறம். விளங்காத பாடத்தை விளங்கும் பாடமாக மாற்றிவிடாதே என்பது அதன் முதல் விதி. ஏனெனில், விளக்கமின்மை பெரும்பாலும் படிப்பவனின் குறையேயன்றிப் பாடத்தின் குறையன்று.

இவ்விதியை மீறியதன் விளைவை விளையாட்டுலகம் 2021 இற் கண்டது. ‘கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ’ வரிசையின் பழைய மூன்று விளையாட்டுகள் ஒரு தொகுதியாகப் புதுக்கப்பட்டு அவ்வாண்டு நவம்பரில் வெளியிடப்பட்டன. அவற்றுள் ஒன்றிலே, இனிப்பு வடைக் கடையொன்றின் மேல் இரும்பு ஆணிக்குரிய அறுகோணச் சுரை ஒன்று பெயர்ப்பலகையாய் நின்றது. கடையின் பெயரும் அச்சுரையையே குறித்தது. இனிப்பு வடைக்கும் இரும்புச் சுரைக்கும் நடுவில் ஓட்டை உண்டு என்பதே அங்குள்ள சிலேடை. புதுக்கிய பதிப்பில் உருவங்களை மழமழப்பாக்கும் பணியில் அறுகோணத்தின் மூலைகள் தேய்ந்து, சுரை வெறும் வளையமாயிற்று. சிலேடை செத்தது. பொருளறியாது ஏடெழுதியவன் ‘திருத்திய’ பாடத்துக்கு இதனிலும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பதரிது. அதனிலும் பெரிய பிழை, புதிய பதிப்பு வருமுன்னரே பழையவை விற்பனையிலிருந்து நீக்கப்பட்டமை. எதிர்ப்பு எழுந்ததும் கம்பனி மன்னிப்புக் கோரி, கணினிக்குரிய பழைய பதிப்புகளை மீண்டும் விற்பனைக்கு வைத்தது. புதிய பதிப்பு வந்ததென்று பழைய ஏட்டை ஆற்றில் விடுவதைப் போன்றது அச்செயல்.

இவ்வளவுகோலைக் கொண்டு 2024 ஆம் ஆண்டுப் பதிப்பை மதிப்பிடின், பெரும்பான்மையும் பாராட்டே தகும். கதையின் உருவும் உள்ளமும் கெடவில்லை. அதனோடு, ஆக்க காலத்து ஓவியங்களும் கைவிடப்பட்ட எண்ணங்களும் அடங்கிய காட்சிக்கூடம் ஒன்று தனியே இணைக்கப்பட்டது. பதிப்பாசிரியர் அடிக்குறிப்பிலே தரும் பாடபேதங்களை ஒத்த அருஞ்செயல் அது. எது மூலம், எது மூலத்துக்குப் புறம்பானது என்று பயில்வோன் அறிந்துகொள்ளலாம்.

ஆயின் அப்பதிப்பில் வேறொன்றும் சேர்க்கப்பட்டது. ஜேட்டின் இளமைக் காலத்தை ஆராயும் புதிய தேடற் பகுதியொன்று கதைக்குள்ளேயே வைக்கப்பட்டது. பழைய கதையை, இன்னும் வெளிவராத தொடர்ச்சியோடு இணைப்பதே அதன் நோக்கம் என்று வெளியிட்டோரே கூறினர். தமிழ் மாணவர் இதற்குரிய பெயரை உடனே கூறுவர்: இடைச்செருகல். கம்பன் பாட்டிலே பிறர் பாட்டுக் கலந்த கதையை அறியாதார் இலர். அவ்வாறு கலந்தவற்றைப் பிற்காலப் பதிப்பாசிரியர்கள் வீசிவிடவுமில்லை, உள்ளே விடவுமில்லை. மிகைப் பாடல்கள் என்று பெயரிட்டுத் தனியே வைத்தனர். இடைச்செருகல் செய்தோரும் பெரும்பாலும் தீயவரல்லர். மூலத்தின்மேற் கொண்ட காதலே அவர்களைத் தூண்டிற்று. ஆயினும் இந்த இடைச்செருகலில் ஒரு புதுமை உண்டு. பழைய இடைச்செருகல்கள் வேறொரு பழங்கதையோடு மூலத்தை இசைவிக்க வந்தவை. இதுவோ எழுதப்பட்டு முடியாத ஒரு நூலோடு எழுதி முடிந்த ஒரு நூலை இசைவிக்க வந்தது. உள்ள பொருளை இல்லாத பொருளுக்குச் சாட்சியாக்கிற்று. மூல ஆசிரியரோ அப்போது துறையிலேயே இல்லை.

இலங்கையின் புலமைச் சொத்துச் சட்டம் அவ்விளையாட்டு வெளிவந்த அதே 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டமாகும். பொருளாதார உரிமைகளின் வேறாக, படைப்பாளியின் ஒழுக்க உரிமைகளையும் அது ஏற்கிறது. தன் மதிப்புக்கோ புகழுக்கோ ஊறு விளையுமாறு படைப்பு உருத்திரிக்கப்படுவதை எதிர்க்கும் உரிமை அவற்றுள் ஒன்று. அவ்வுரிமை படைப்பாளிக்குரியது. படைப்பை இருபது ஆண்டு நெஞ்சில் வைத்திருந்தவனுக்கு எச்சட்டமும் எதுவுந் தரவில்லை. அவனுக்குரிய நியாயத்தைப் படைப்புரிமைச் சட்டத்தில் தேடுவது வீண். வாக்குப் பற்றிய சட்டத்திலேதான் தேடவேண்டும்.

இவ்விடத்தில் வழக்குப் புதுக்கடைக்கு வருகிறது. ஆங்கிலத்தில் ஹல்ஸ்டோர்ப் என்று வழங்கும் அப்பகுதி, 1656 இல் போர்த்துக்கேயரின் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்ட காலத்தில் மாண்ட ஒல்லாந்தப் படைத்தலைவன் ஹல்ஃப்ட் என்பவனின் பெயரைத் தாங்கியது. ஒல்லாந்தர் போய் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாயின. அவர்கள் விட்டுச் சென்ற உரோமன் - ஒல்லாந்தச் சட்டம் ஒப்பந்தத் துறையில் அங்கே இன்றும் பேசப்படுகிறது. ஆங்கிலச் சட்டத்தின்படி, கைம்மாறு இல்லாத வாக்குக் கட்டுப்படுத்தாது. ஒன்று தந்தாலன்றி ஒன்று கேட்க இயலாது. உரோமன் - ஒல்லாந்தச் சட்டம் அத்துணை வணிக மனமுடையதன்று. ஜயவிக்கிரம எதிர் அமரசூரிய என்ற இலங்கை வழக்கில் 1918 இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் இவ்வேறுபாட்டை உறுதிப்படுத்திற்று. அறக்கடமையை நிறைவேற்றும் பொருட்டோ வள்ளன்மையாலோ, தெளிந்த மனத்துடன் செய்யப்பட்ட வாக்கு, கைம்மாறின்றியும் கட்டுப்படுத்தும். அதற்குரிய நியாயமான ஏது, ஆங்கிலச் சட்டம் வேண்டும் கைம்மாற்றிலும் மிக விரிந்தது என்பதே அத்தீர்ப்பின் சாரம். சட்டக் கல்லூரி மாணவர் பரீட்சைக்காகப் படிக்கும் இத்தீர்ப்பில் ஆழ்ந்த அறநெறிக் கொள்கையொன்று பொதிந்துள்ளது. சொல்லுக்குப் பணத்தினால் வருவதல்லாத ஒரு கனம் உண்டு என்பதே அது.

விளையாட்டுக் கம்பனியின் அறிவிப்பை அம்மன்றத்தில் வைத்தால் என்னாகும்? வழக்குத் தள்ளுபடியாகும் என்பதில் ஐயமில்லை. அறிவிப்புக் குறித்த ஒருவருக்குச் செய்யப்பட்டதன்று. உலகை நோக்கிச் சொல்லப்பட்டது. விளம்பரத்தின் வருணனையை வாக்காகக் கொள்ளல் தகாது என்று கம்பனியின் வழக்கறிஞர் வாதிப்பார், மன்று உடன்படும். காத்திருந்தவன் எதை இழந்தான் என்ற வினாவும் எழும். அவன் ஒரு சதமும் கட்டவில்லை. விளையாட்டு உணவன்று, மருந்தன்று. விரும்பாவிடில் மறந்துவிட்டுப் போகலாம்.

இவ்வாதத்தின் வலிமையை ஒப்புக்கொண்டே அதன் ஓட்டையைக் காணவேண்டும். வாக்கு விளம்பரமேயாயினும், அதனாற் கம்பனி பெற்ற பயன் உண்மையானது. 2008 முதல் அந்நிறுவனத்தின் பெயரோடு ஒட்டி நின்ற நல்லெண்ணத்தின் ஒரு பங்கு, வருமென்று சொன்ன அத்தொடர்ச்சியால் விளைந்ததே. அதனினும் தெளிவான சான்று ஒன்றுண்டு. 2018 இல், இரசிகர்கள் ஆக்கும் ஓவியங்களையும் இசையையும் தொடர்ச்சியிற் சேர்த்துக்கொள்ளும் திட்டமொன்று ஹிட்ரெக்கோர்ட் என்னும் நிறுவனத்தின் வழியாக அறிவிக்கப்பட்டது. ஏற்கப்பட்ட ஆக்கத்துக்கே ஊதியம், ஏற்கப்படாதவற்றின் உழைப்புக்கு எதுவுமில்லை என்ற அம்முறை அக்காலத்திலேயே கண்டிக்கப்பட்டது. ஊதிய வழக்கு ஒருபுறமிருக்க, வேறொன்று இதனாற் புலனாகிறது. காத்திருந்தோர் அங்கே வெறும் பார்வையாளராக விடப்படவில்லை. பணியிற் பங்காளராக அழைக்கப்பட்டனர். அழைத்தவன் பின்னர், “நீங்கள் எதையும் தரவில்லையே” என்று சொல்ல இயலாது.

ஆகவே, அறமன்றத்தில் வாக்கு வாக்கேயாகும். அவ்வாறாயின் புதுக்கிய பதிப்பு அதற்கு என்ன முறையிலே கொடுபட்டது? செட்டியார் தெருவில் நகையை அடைவு வைத்தவர் இதற்கு விடை கூறுவர். தவணை முடியும் நாளில் வட்டியைக் கட்டினால் தவணை புதுப்பிக்கப்படும். நகை ஏலம் போகாது. முதல் அப்படியே நிற்கும். பத்து முறை வட்டி கட்டினாலும் முதலில் ஒரு ரூபாயும் குறைவதில்லை. 2011 ஆம் ஆண்டுப் பதிப்பும் 2024 ஆம் ஆண்டுப் பதிப்பும் அத்தகைய வட்டிகளே. அவ்வொப்புமையிலும் ஒரு முரண் உண்டு: அடைவு கடையிலே கடன்பட்டவன் வட்டி கட்டுகிறான், இங்கே கடன்பட்டவன் தரும் வட்டியைக் கடன் கொடுத்தவனே காசு கொடுத்து வாங்கவேண்டியிருக்கிறது.

புதுக்குதல் இழிந்தது என்பது இதன் கருத்தன்று. மேலே கூறப்பட்டவாறு, அது படைப்புக்குச் செய்யவேண்டிய கடன். தொடர்ச்சி வாக்களிக்கப்படாத படைப்புக்கும் அக்கடன் உண்டு. இலெஸ்ரர் ஜேம்ஸ் பீரிசின் ‘நிதானய’ 1972 இல் எடுக்கப்பட்ட சிங்களத் திரைப்படம். 2013 இல் அது மீட்டெடுக்கப்பட்டபோது, அதன் பின்னே எத்தொடர்ச்சியும் காத்திருக்கவில்லை. படம் அழியாமல் நின்றது. அவ்வளவே, அது போதும். படைப்புக்குச் செய்யும் கடன் வேறு, காத்திருப்போனுக்குச் செய்யும் கடன் வேறு. ஒன்றினை மற்றொன்றின் கணக்கில் வரவு வைப்பதே பிழை. ஒருவன் தன் தாயைப் பேணினான் என்பதற்காக அயலவன் கொடுத்த கடன் அடைந்ததாகிவிடாது.

இனி, எதிர்த்திசையிலிருந்து வரும் தடையொன்று எஞ்சியுள்ளது. முன்னையதிலும் அது கடினமானது. கலையை ஒப்பந்தம் போல் நிறைவேற்ற முடியுமா? வாக்குக் கொடுத்த நாளில் இருந்த மனம் ஆக்கும் நாளில் இல்லாது போகலாம். கட்டாயத்தாற் பிறந்த தொடர்ச்சி எத்தகையது என்பதற்கு ‘டியூக் நியூகெம் ஃபொரெவர்’ சான்று பகர்ந்தது. பதினான்கு ஆண்டுகளின் பின் வாக்கு நிறைவேறிற்று, வந்ததைக் கண்டோர் வராதிருந்திருக்கலாம் என்றனர். யப்பானிய விளையாட்டாகிய ‘ஷென்மூ’வின் இரண்டாம் பாகம் 2001 இல் வந்தது, 2015 இல் இரசிகர்கள் தாமே பணந் திரட்டிக் கொடுக்க, மூன்றாம் பாகம் 2019 இல் வந்தது. கதை அப்போதும் முடியவில்லை.

தமிழ் இலக்கியத்தின் தலைசிறந்த தொடர்ச்சி எவரும் வாக்களியாமல் வந்தது. சிலப்பதிகாரத்தின் பின் மணிமேகலை. வேறொரு புலவர், வேறொரு சமயம், வேறொரு நோக்கு. கோவலனும் மாதவியும் எப்படியானார் என்று கேட்டவனுக்கு விடை கூறுவதற்காகச் சாத்தனார் காவியம் இயற்றவில்லை. பசிப்பிணியும் பிறவிப்பிணியும் அவருக்குப் பொருளாயின. பழைய கதை அதற்கு வாயிலாயிற்று. அதனாலேயே அது வாலாக அமையாது தனியுடல் பெற்றது. அண்மைக் காலத்திலே கல்கி வேறொரு வழியைக் காட்டினார். ‘பொன்னியின் செல்வன்’ 1954 இல் நிறைவுற்றபோது, கதைமாந்தர் பின்னர் என்னவாயினர் என்று வாசகர் வினவினர். தொடர்ச்சி தருவதாக அவர் ஆசை காட்டவில்லை. முடிவுரையொன்று எழுதி, பின்னே வரலாற்றில் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறிக் கதவைச் சாத்தினார். பிற்காலத்தில் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யை எழுதியது அவருடைய சொந்த முயற்சி. கல்கியின் கடன் எதுவும் அதனுடன் கட்டப்பட்டிருக்கவில்லை.

இவற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. காத்திருப்போன் கேட்கும் உரிமையுள்ள பொருள் தொடர்ச்சியன்று. தொடர்ச்சியைப் பற்றிய உண்மை. படைப்பைக் கட்டாயப்படுத்த முடியாது. கணக்குச் சொல்வதைக் கட்டாயப்படுத்தலாம். ‘முடியவில்லை’, ‘மனம் மாறிவிட்டது’, ‘எப்போது என்று தெரியாது’ என்ற மூன்றும் நேரிய விடைகளே. புதுக்கடையில் வழக்காளி தவணை நாளிலே வந்து நிற்கிறான். வழக்கு அன்றும் எடுக்கப்படாது என்பது அவனுக்குப் பெரும்பாலும் தெரியும். ஆயினும் மன்றம் அவன் பெயரைக் கூப்பிட்டு, அடுத்த திகதியைச் சொல்லி அனுப்புகிறது. திகதியும் இன்றி, வழக்கு இல்லையென்ற சொல்லும் இன்றி அவனை நடைவாசலில் நிறுத்திவைத்தால், அது தாமதம் என்ற எல்லையைக் கடந்து அவமதிப்பாகிவிடும்.

படமெடுத்து உண்மையை அம்பலப்படுத்திய பெண்ணின் கதை அது. மேலிருந்து வரும் அறிவிப்பை அப்படியே நம்பாதே என்று ஹிலிஸ் மக்களுக்குச் சொன்ன கதை. அதனை நேசித்தவர்களே அறிவிப்பொன்றை நம்பி இத்தனை ஆண்டு இருந்தனர் என்பது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம், நகைப்பவர் நகைக்கட்டும். அவர்கள் அறியாத ஒன்று கணக்கிலே எஞ்சி நிற்கிறது. 2017 இன் அறிவிப்பின்படி வரவிருப்பது முன்கதை. ஜேட் பிறக்குமுன் நிகழ்வது. 2024 ஆம் ஆண்டுப் பதிப்பிலே செருகப்பட்ட பகுதியும் அவளது கடந்த காலத்தையே நோக்கியது. பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்த பின் பேஜின் கையில் முளைத்த கொப்புளமோ, புதுக்கிய திரையில் முன்னிலும் கூர்மையாகத் தெரிகிறது. அதன் பின் என்ன நடந்தது என்று சொல்வதாக எந்த அறிவிப்பும் இப்போது இல்லை.